சட்டம் கற்றவன் யாருக்குக் கடனாளி?

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறார்கள். இனிக்கும் சொல், ஏட்டிலே பொறிக்கத்தக்க சொல். ஆனால் சட்டத்தின் முன் சென்று நிற்கவே வழியறியாதவனுக்கு அந்தச் சமத்துவத்தால் என்ன பயன்? ஆற்றின் அக்கரையிலே விருந்து. அனைவருக்கும் அழைப்பு. ஓடம் ஏறக் கட்டணம் மட்டும் உண்டு! கையிலே காசின்றி இக்கரையில் நிற்பவனைப் பார்த்து, "உன்னையும்தானே அழைத்தோம்" என்பது ஆறுதலா, ஏளனமா?

வழக்கறிஞன் அந்த ஓடக்காரன். அவன் துடுப்பு யாருக்காக அசைய வேண்டும்? கூலி தருபவனுக்காக மட்டுமா? தர இயலாதவனுக்கும் அவன் கடன்பட்டவனா? கடன்பட்டவன் என்றால், அக்கடனை அவன் மனமிரங்கிக் கொடுப்பதா, ஏழை தலை நிமிர்ந்து கேட்டுப் பெறுவதா?

இந்தக் கேள்வியை, கறுப்பு அங்கி அணிவதற்கு முன்னரே மாணவன் காதிலே போட்டுவிட வேண்டும் என்பதற்காக, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பேராசிரியர் நடத்தும் பாடம் போதாதென்று, நீதிபதிகளையும் பொதுத்தொண்டு புரியும் வழக்கறிஞர்களையும் அழைத்து மாணவரிடையே பேச வைக்கிறார்கள். தீர்ப்பு எழுதிய கை எப்படித் தயங்கிற்று என்று நீதிபதி சொல்கிறார். வாடகை தர முடியாமல் வீதிக்குத் துரத்தப்பட்ட குடும்பத்துக்காக வாதாடிய கதையை வழக்கறிஞர் சொல்கிறார். மாணவர் கேட்கிறார்கள், வினவுகிறார்கள். நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன.

"பேச்சுதானே! மாலை, மேடை, கைதட்டல், கலைதல். இதனால் எந்த ஏழையின் வழக்கு வென்றது?" என்று கேலி பேசுவோர் உண்டு. பேச்சை நாம் இகழ்வதற்கில்லை. உறங்கிய மக்கள் பலர் பேச்சைக் கேட்டே விழித்தனர். ஆனால் பேசப்பட்டது என்ன, அதிலிருந்து முளைத்தது என்ன என்று அளந்து பார்க்காமல் கைதட்டுவதும் பகுத்தறிவாகாது. அளந்து பார்ப்போம்.

1897ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள். பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிலே புதிய மண்டபத் திறப்பு விழா. பேச வந்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சட்டம் எது என்று அறிய வேண்டுமானால் நல்லவன் கண்கொண்டு பாராதே, கெட்டவன் கண்கொண்டு பார் என்ற கருத்தை அவர் மாணவர்முன் வைத்தார். கெட்டவனுக்கு அறநூல் பற்றிக் கவலையில்லை. நீதிமன்றம் தன்னை என்ன செய்யும் என்பது ஒன்றே கவலை. நீதிமன்றம் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வதே சட்ட அறிவு என்றார் ஹோம்ஸ்.

துணிவான பேச்சு. சட்டம் வானத்திலிருந்து இறங்கிய வேதமன்று, மனிதன் ஆக்கியது, மனிதன் நடத்துவது என்று திரையை விலக்கிக் காட்டிய பேச்சு. ஆனால் அதிலே ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நீதிமன்றம் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய அந்த அறிவு யாருக்குக் கிடைக்கும்? கெட்டவனும் விலை கொடுத்து வாங்கலாம். காசற்ற நல்லவனுக்குக் கிடைக்குமா?

எட்டாண்டுகள் கழித்து, 1905ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், ஆற்றைக் கடந்தால் அடுத்த ஊரான கேம்பிரிட்ஜிலே, ஹார்வர்டு மாணவர் மன்றம் ஒன்றிலே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் எழுந்தார். லூயி பிராண்டைஸ் என்பது அவர் பெயர். பாஸ்டன் நகரத்திலே கைநிறையப் பொருளீட்டிய வழக்கறிஞர். சட்டத் தொழிலிலே என்ன வாய்ப்பு இருக்கிறது என்பது பேச்சின் பொருள். பணம் குவிக்கும் வழி கேட்கலாம் என்று காத்திருந்த மாணவர் எவரேனும் இருந்திருந்தால் ஏமாந்தே போயிருப்பர்! ஒருபுறம் செல்வர், மறுபுறம் பொதுமக்கள். இருவருக்கும் இடையே, எவருக்கும் அடிமையாகாமல் நின்று, இருபுறத்து மிகையையும் தடுக்க வேண்டியவன் வழக்கறிஞன். அவனோ பெருங்கம்பெனிகளின் பின்னிணைப்பாகிவிட்டான். மக்களைக் காக்கத் தன் திறமையைப் பயன்படுத்தும் கடமையை மறந்துவிட்டான். இதுவே பிராண்டைஸ் சாற்றிய குற்றம். கம்பெனி வக்கீலின் பெயரே எங்கும் கேட்கிறது, மக்கள் வக்கீலின் பேச்சையே காணோமே என்று அவர் வருந்தினார்.

மேடையில் பேசியதோடு அவர் நின்றாரா? இல்லை. ஆரிகன் மாநிலத்திலே, பெண் தொழிலாளரை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கலாகாது என்று சட்டம் இருந்தது. சலவைத் தொழில் முதலாளி ஒருவர் அதை எதிர்த்து வழக்காடினார். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலே அந்தச் சட்டத்தைக் காக்க வாதாடியவர் பிராண்டைஸ். கட்டணம் பெறவில்லை. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தம் வாதவுரையிலே சட்ட நுணுக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டே பக்கம் ஒதுக்கினார். எஞ்சியவை தொழிலாளர் உடல்நலம் பற்றி மருத்துவரும் தொழிற்சாலை ஆய்வாளரும் பல நாடுகளில் எழுதி வைத்த உண்மைகள். அவற்றைத் தேடித் தொகுத்தவர்கள் ஜோசபைன் கோல்டுமார்க் என்ற பெண்மணியும் அவருடைய துணைவர்களும். பெண்ணை நலிந்தவளாகக் காட்டிய அந்த வாதத்தின் ஒரு பகுதியை இன்று நாம் ஏற்பதற்கில்லை. எனினும், ஆலையின் வெப்பத்தையும் உழைப்பவரின் களைப்பையும் நீதிமன்றத்தின் நடுக்கூடத்திற்கே கொண்டுவந்த வழி புதுவழி.

செல்வர்கள் அதை மறக்கவில்லை. 1916இல் குடியரசுத் தலைவர் வில்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது எழுந்த கூச்சல் கொஞ்சமன்று. நீதிபதிக்குரிய மனப்பாங்கு அவருக்கு இல்லையாம்! வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர்களே எதிர்த்துக் கையெழுத்திட்டனர். கம்பெனிக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர் நீதிபதியானால் நடுநிலை. மக்களுக்காக வாதாடியவர் நீதிபதியானால் ஒருசார்பு! அந்த வாதத்தின் அழகே அழகு! அவர் யூதர் என்பதும் பலர் உள்ளத்தை உறுத்திற்று. இறுதியில் 47 பேர் ஆதரிக்க, 22 பேர் எதிர்க்க, அந்த மன்றத்தின் முதல் யூத நீதிபதியாக அவர் அமர்ந்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "வழக்கறிஞன் தொழில் செய்து பிழைப்பவன். துணி வணிகன் காசு கொடுப்பவனுக்குத் துணி தருகிறான். அவனிடம் கேட்காத அறத்தை இவனிடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்?"

நியாயம் உண்டு. துணி வணிகனிடம் வாங்க இயலாதவன் தானே நூற்கலாம், நெய்யலாம், அண்டை வீட்டானிடம் கேட்டு உடுத்தலாம். சட்டம் அப்படியன்று. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் நம் நாட்டிலே என்ன சொல்கிறது? பதிவு பெற்ற வழக்கறிஞர்களே தொழில் நடத்தும் உரிமை உடையவர்கள். நீதிமன்றம் தனி அனுமதி தந்தாலன்றி, எனக்காக என் அண்டை வீட்டான் எழுந்து வாதாட முடியாது. அதே வேளையில், சட்டம் எனக்குத் தெரியாது என்று குற்றம் சாட்டப்பட்டவன் சொன்னால் நீதிமன்றம் ஏற்பதில்லை. அனைவரும் அறிந்ததாகக் கொள்ளப்படும் சட்டம். அதைப் பேச உரிமையோ சிலருக்கு மட்டும்! இந்தத் தனியுரிமையை அந்தச் சிலருக்குத் தந்தது யார்? பொதுமக்களின் அரசு. தனியுரிமை பெற்றவன் தந்தவருக்குக் கடனாளி. ஓடம் விடும் உரிமை முழுவதையும் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்ட ஊர், காசில்லாதவனையும் ஏற்று என்று கேட்டால் அது பிச்சை கேட்பதாகுமா?

"செல்வனுக்கும் வாதாட ஒருவன் வேண்டாவா? வெறுக்கப்படுபவனுக்கு வாதாடுவதும் அறமல்லவா?" என்று இன்னொரு கேள்வி. வேண்டும், அறமே. 1770இல் பாஸ்டன் தெருவிலே மக்களைச் சுட்ட ஆங்கிலப் படைவீரர்களுக்காக, விடுதலை வேட்கை கொண்ட ஜான் ஆடம்ஸே வாதாடினார். அவரை எவரும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒருபுறம் பத்துப் பேர் வாதாட, மறுபுறம் ஒருவரும் இல்லையென்றால், "நாங்கள் எவர் பக்கமும் சாயாதவர்கள்" என்று தொழில் முழுவதும் சேர்ந்து சொல்வது எப்படி உண்மையாகும்? துலாக்கோலின் ஒரு தட்டிலே எடை ஏற்றிவிட்டு, முள்ளை மட்டும் பழிப்பதற்கில்லை.

பிராண்டைஸ் வழிகாட்டினார். ஆனால் அவருடைய வழியிலே ஒரு குறையும் உண்டு. அவர் செல்வர், கொடுக்க முடிந்தது. பொதுக்காரியத்தில் செலவிட்ட நேரத்தால் தம் கூட்டாளிகளுக்கு நட்டம் வரக்கூடாதென்று சொந்தப் பணத்தை நிறுவனத்துக்குச் செலுத்தும் அளவுக்கு முடிந்தது. கொடை பெரிது. எனினும் கொடை கொடுப்பவனின் மனத்தைச் சார்ந்தது. அவன் பொருளைச் சார்ந்தது. வள்ளல் இல்லாத ஊரிலே நீதி இல்லை என்றாகிவிடலாமா?

அடுத்த படியைக் கட்டியவர் ஒரு கருப்பினத்தவர். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். முதல் உலகப் போரிலே அமெரிக்கப் படையில் அதிகாரியாக இருந்து, சீருடை அணிந்த கருப்பனையும் தன் நாடே இழிவாக நடத்தியதைக் கண்டு, திருப்பி அடிக்க இயலாத தம் மக்களுக்காகச் சட்டம் படிப்பேன் என்று உறுதி பூண்டவர். ஹார்வர்டிலே பயின்று, 1929 முதல் வாசிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை நடத்தும் பொறுப்பேற்றார். கருப்பின மாணவர்களின் கல்லூரி அது. இரவுக் கல்லூரியாக இருந்ததை முழுநேரக் கல்லூரியாக்கினார். பகலெல்லாம் உழைத்து இரவில் படித்த ஏழை மாணவருக்கு அது இடர் விளைத்தது; எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும், அரைகுறையாகக் கற்ற வழக்கறிஞனால் வெள்ளையர் நீதிமன்றத்திலே வெல்ல முடியாது என்பது அவர் முடிவு.

வெறும் ஏட்டுப் படிப்போடு அவர் விடவில்லை. கிளாரன்ஸ் டாரோ போன்ற புகழ்பெற்ற வழக்கறிஞரையும், ராஸ்கோ பவுண்டு போன்ற சட்ட அறிஞரையும் அழைத்துவந்து தம் மாணவர்முன் பேச வைத்தார். மாணவரைச் சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் அழைத்துச் சென்று காட்டினார். வழக்கறிஞன் சமுதாயத்தைச் செப்பனிடும் பொறியாளனாக இருக்க வேண்டும், இல்லையேல் அவன் சமுதாயத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி. இரண்டுக்கும் நடுவே இடமில்லை என்பதே அவர் போதனை. பிராண்டைஸ் வாய்ப்பு என்று அழைத்ததை ஹூஸ்டன் பாடத்திட்டமாக்கினார். தனியொருவர் இரக்கத்தை நம்பாமல், ஒரு தலைமுறையையே பயிற்றுவிக்கத் துணிந்தார்.

விளைவு என்ன? 1933இல் அக்கல்லூரியின் முதல் மாணவராகத் தேறி வந்தார் துர்குட் மார்ஷல். தம் சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கருப்பருக்குக் கதவடைத்திருந்ததால் ஹோவர்டுக்கு வந்தவர் அவர். ஈராண்டு கழித்து, 1935இல், ஆசானும் மாணவனும் சேர்ந்து வழக்காடி, அதே மேரிலாந்துக் கல்லூரிக் கதவை வேறொரு கருப்பின இளைஞனுக்குத் திறந்துவிட்டனர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்தப் பெருவழக்கிலே வாதாடி வென்ற அணியின் தலைவரும் மார்ஷலே. உச்ச நீதிமன்றம் ஏறுமுன் அந்த வாதம் ஒத்திகை பார்க்கப்பட்ட இடம் எது தெரியுமா? ஹோவர்டு சட்டக் கல்லூரி. நீதிபதிகள்போல் அமர்ந்து குறுக்குக் கேள்வி கேட்டுத் துளைத்தவர்களுள் மாணவரும் இருந்தனர்! ஹூஸ்டன் அந்நாளைக் காணவில்லை, 1950இலேயே மறைந்தார். மார்ஷல் 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியானார்.

கல்லூரியில் பேசும் பேச்சு என்ன செய்யும் என்று கேட்டவர்களுக்கு இது விடை. செய்யும், பேச்சுக்குப் பின்னே சிறைச்சாலைக்குக் கூட்டிப்போகும் ஆசானும், வழக்கு மன்றம் வரை உடன்வரும் நிறுவனமும் இருந்தால் செய்யும்.

இன்னும் ஒரு படி எஞ்சியிருந்தது. பயிற்சி பெற்றவன் வந்துவிட்டான், வழக்கும் பெருவழக்கு, நாடே பார்க்கிறது. ஆனால் எவரும் பாராத சிறுவழக்கிலே சிக்கியவன்? 1961இல் புளோரிடா மாநிலத்திலே, பந்தாட்டக் கூடம் ஒன்றை உடைத்துப் புகுந்ததாகக் கிளாரன்ஸ் எர்ல் கிடியன் என்ற ஏழைமீது குற்றச்சாட்டு. எனக்கொரு வழக்கறிஞர் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனை வழக்காயிருந்தால் தரலாம், இதற்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டது. தாமே வாதாடித் தோற்றார், ஐந்தாண்டுச் சிறை. சிறையிலிருந்தே பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். மன்றம் அவருக்காக ஏப் ஃபோர்ட்டாஸ் என்ற பெரும் வழக்கறிஞரை அமர்த்திற்று. 1963 மார்ச் 18இல் தீர்ப்பு: கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்கறிஞர் தருவது மாநிலத்தின் கடமை. மறு விசாரணை நடந்தது. இம்முறை வழக்கறிஞர் உண்டு. சாட்சியைத் துருவித் துருவிக் கேட்டார். கிடியன் குற்றமற்றவர் என்று நடுவர்கள் கூறினர். அதே மனிதர், அதே குற்றச்சாட்டு. முன்பு சிறை, பின்பு விடுதலை. இடையிலே வந்து சேர்ந்தது என்ன? வாதாடத் தெரிந்த ஒரு வாய்!

கண்ணகியை எண்ணிப் பாருங்கள். கையிலே சிலம்பேந்தி, துணைக்கு ஆளின்றி, அரசன்முன் நின்று, பரல் எதுவெனக் காட்டி வழக்கை வென்றாள். அவள் வீரத்தை வியக்கிறோம், சிலை எடுக்கிறோம். ஆனால் வழக்கு வென்றபோது கோவலன் எங்கே? அவனை எவரும் கேட்கவில்லை; அவனுக்காகப் பேச எவரும் இல்லை; கேள்வியின்றியே வெட்டுண்டான். கண்ணகிகளின் வீரத்தை நம்பி ஒரு நாடு நீதி நடத்தலாகாது. கோவலனைக் கொல்லுமுன்னே அவனுக்காகப் பேச ஒருவன் எழுந்தாக வேண்டும். அதுவே உரிமை என்பதன் பொருள்.

நம் நாட்டிலே இந்த உணர்வைச் சட்டமாக்கப் பாடுபட்டவர்களுள் முன்னிற்பவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர். தலைச்சேரியில் உழவருக்காக வாதாடியவர். 1952இல் சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்தவர். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது 1976இல் அரசியலமைப்பின் 39-அ பிரிவாயிற்று. 1979இல், பீகார்ச் சிறைகளிலே விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோர் பற்றி நாளேட்டில் வந்த செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் ஏறினார். செய்த குற்றத்துக்குரிய உச்ச தண்டனையைவிட நெடுங்காலம், தண்டனை பெறாமலே சிறையில் கழித்தவர்களும் அவர்களுள் இருந்தனர்! நீதிபதி பகவதி முதலானோர் அவர்களை விடுவிக்க ஆணையிட்டு, விரைந்த விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் உரிமை என்றனர். 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானக் கணக்குக் காட்டாமலே வழக்கறிஞர் கேட்கலாம்.

சட்டம் வந்தது, நீதி வந்ததா? 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர் என்றும், அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்றும் அரசின் கணக்கே கூறுகிறது. நால்வரில் மூவர்! குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவர்களைச் சொல்லவில்லை. உரிமை ஏட்டிலே இருக்கிறது; ஆள் உள்ளே இருக்கிறான்.

ஏன் இந்நிலை? இளைஞரிடம் இலட்சியம் இல்லை என்று பழி சுமத்துவோர் உண்டு. நாம் அதை ஏற்பதற்கில்லை. கடன் வாங்கிப் படித்தவன், பெற்றோர் நிலத்தை விற்றுப் படித்தவள், பட்டம் பெற்றதும் எங்கே போவார்கள்? தியாகம் செய் என்று சொல்வது எளிது. சொல்பவருக்கு மாதந்தோறும் சம்பளம் வருகிறது! பட்டினியை நிபந்தனையாக்கிய தொண்டு, பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே முடியும். அமெரிக்கா இதை உணர்ந்தே 2007இல் ஒரு சட்டம் இயற்றிற்று: பொதுப்பணியிலே பத்தாண்டுகள் உழைத்துத் தவணை தவறாது செலுத்தினால், எஞ்சிய கல்விக் கடன் தள்ளுபடி. நம் நாட்டிலும் 2022இல், ஏழைக் குற்றவாளிக் கூண்டுக்காகவே முழுநேரச் சம்பளத்தில் வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டம் தொடங்கப்பட்டது. இதுவே சரியான திசை. அரசுத் தரப்புக்கு வாதாடுபவருக்கு ஊதியம் உண்டென்றால், ஏழைத் தரப்புக்கு வாதாடுபவர் மட்டும் ஏன் புண்ணியத்தை உண்டு வாழ வேண்டும்?

ஆகவே, சட்டம் கற்றவன் கடனாளிதான். ஆனால் அக்கடனை அவனுடைய இரக்கத்திடம் விட்டுவிடுவது சமுதாயம் தன் கடமையைத் தட்டிக் கழிப்பதாகும். தனியுரிமை தந்த சமுதாயம் ஊதியமும் தர வேண்டும். பயிற்சியும் தர வேண்டும். பிறகு கடனைக் கணக்குப் பார்த்துக் கேட்கவும் வேண்டும். தயவு என்று தொடங்கியதை உரிமையாக்கும்வரை ஓயலாகாது. தயவுக்கு ஏழை கைகூப்ப வேண்டும். உரிமைக்கு அவன் வாய் திறந்தால் போதும்.

நாளை நம் ஊர்ச் சட்டக் கல்லூரிக்கு ஒரு நீதிபதி பேச வருவார். மாணவ நண்பர்களே, மாலையிடுங்கள், மதிப்போடு கேளுங்கள். பேசி முடிந்ததும் எழுந்து கேளுங்கள்: "ஐயா, தங்கள் நீதிமன்றத்தில் இன்று காலை காவலுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேர் பக்கத்தில் வழக்கறிஞர் நின்றார்? நாங்கள் நாளைக்கு வந்து நிற்கலாமா?"

பதில் சொல்லும் நீதிபதியும், மறுநாள் போய் நிற்கும் மாணவனும் கிடைத்தால், அந்தக் கூட்டம் வெறும் கூட்டமன்று.